பீன்ஸ் போடாத சில்லி

நேயர்களுக்கு வணக்கம்.

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்தை முட்டை, பொரியல், வறுத்த கறி என்று ஓட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரம் ஒரு மழை நாள் வரும். ஒரு கிண்ணம் நிறைய, சூடாக, கெட்டியாக எதையாவது கரண்டியால் அள்ளிச் சாப்பிட மனம் தேடும். பலர் உணவுமுறையைக் கைவிடுவது அந்த நாளில்தான். அந்தக் கிண்ணத்தை விட வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இன்று எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துச் சில்லி. நம் ஓட்டல் சில்லி சிக்கனை நினைத்துக்கொள்ள வேண்டாம். இதன் முழுப்பெயர் சில்லி கான் கார்னே. ஸ்பானிய மொழியில் ‘கறி போட்ட மிளகாய்’ என்று பொருள். மிளகாய் முதலில், கறி அடுத்து. பீன்ஸ் என்ற சொல் பெயரிலேயே கிடையாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், “சில்லியில் பீன்ஸ் இல்லாவிட்டால் அது சில்லியா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டெக்சஸ்காரரிடம் கேட்டால் பதில் நேர் எதிராக வரும்.

சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாலை நேரங்களில் மெக்சிக வம்சாவளிப் பெண்கள் விளக்கேற்றி, பெரிய சட்டிகளில் சில்லி விற்றார்கள். ‘சில்லி ராணிகள்’ என்றே அவர்களுக்குப் பெயர். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் சான் அன்டோனியோவின் சில்லிக் கடை இருந்தது. 1977இல் டெக்சஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவாகவே அறிவித்தது. 1967இல் டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் ஒரு போட்டி. பழைய பாதரசச் சுரங்க ஊர் அது. ஒரு பக்கம் நியூயார்க்கிலிருந்து வந்த எழுத்தாளர் எச். ஆலன் ஸ்மித், அவருடைய செய்முறையில் பீன்ஸ் உண்டு. மறுபக்கம் டெக்சஸ் பத்திரிகையாளர் விக் ஃபௌலர், அவருடையதில் கிடையாது. நடுவர்கள் மூன்று பேர். இருவர் ஆளுக்கொரு பக்கம் வாக்களித்தார்கள். மூன்றாமவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தன் நாக்கு செத்துப்போய்விட்டது, தீர்ப்புச் சொல்ல முடியாது என்றார். போட்டி சமன். அன்று தொடங்கியது இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. சட்டியில் பீன்ஸ், மக்ரோனி, அரிசி எதுவும் கூடாது என்பது அங்கே போட்டி விதி.

ஆக, பீன்ஸை எடுப்பது சில்லியைக் கெடுப்பதாகாது. பழைய சட்டிக்குத் திரும்புகிறோம், அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. எல்லாம் நார்ச்சத்தைக் கழித்த கணக்கு, தோராயமானது. ஆறு பேருக்கான வழக்கமான வீட்டுச் சில்லியில் இரண்டு டப்பா பீன்ஸ் போவதுண்டு. நீர் வடித்தால் 500 கிராம். ஆளுக்கு 12 கிராம் மாவுச்சத்து. 800 கிராம் டப்பாத் தக்காளி ஆளுக்கு 6, 7 கிராம் தரும். இரண்டு பெரிய வெங்காயம் ஆளுக்கு 4 கிராம். கெட்டிக்காகப் போடும் மக்காச்சோள மாவு இரண்டு மேசைக்கரண்டி ஆளுக்கு வெறும் 2 கிராம்தான். கவனித்தீர்களா? எல்லோரும் மாவைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பீன்ஸுக்கு அடுத்தபடி ஏற்றுவது தக்காளியும் வெங்காயமும். இதோடு ஒரு கப் சோற்றின் மேல் ஊற்றிக்கொண்டால் அது தனியாக 45 கிராம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும். மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

சரி, பீன்ஸும் மாவும் போனால் கெட்டித்தன்மை எங்கிருந்து வரும்? ஆட்டுக்கால் பாயா வைத்து மிச்சத்தைப் ஃபிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். காலையில் பார்த்தால் அல்வா மாதிரி உறைந்திருக்கும். அதில் யாரும் மாவு கரைக்கவில்லை. ஜவ்வு கரைந்து குழம்பில் இறங்கியிருக்கிறது. சில்லிக்கும் அதுதான் வேண்டும். அதனால் மாட்டின் கழுத்து, தோள்பட்டைக் கறி வாங்குங்கள். ஜவ்வோடும் கொழுப்போடும் ஒரு கிலோ. கொழுப்பில்லாத நல்ல துண்டாகத் தேடி வாங்கினால் கறி சக்கையாகும், குழம்பு தண்ணீராக நிற்கும், கை மாவு டப்பாவுக்குப் போகும். ஆட்டுக்கறி என்றால் தோளும் நெஞ்செலும்பும்.

இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு தேக்கரண்டி உப்பைப் பிசறுங்கள். கனமான சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் மூன்று தடவையாகப் போட்டு வறுக்க வேண்டும். ஒரே தடவையாகக் கொட்டினால் கறி நீர் விட்டு வெந்துபோகும், சிவக்காது. சிவந்த கறியின் ருசிதான் இந்தச் சட்டியின் அடித்தளம். ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை கிளறாதீர்கள்.

மிளகாய்க்கு வருவோம். டெக்சஸில் ஆன்சோ, குவாஹில்லோ என்ற வற்றல்கள். ஆன்சோவுக்கு உலர்திராட்சை வாசம் உண்டு. வகைக்கு நாலு போதும். கிடைக்காத இடத்தில் காஷ்மீரி மிளகாயும் ப்யாடகி மிளகாயும் கலந்து 40 கிராம். அந்தத் திராட்சை வாசம் வராது. நிறமும் கெட்டியும் வரும். குண்டூர் மிளகாயை இந்த அளவில் போட்டால் வாயில் வைக்க முடியாது. காம்பும் விதையும் நீக்கி, வெறும் தோசைக்கல்லில் பக்கத்துக்கு 20 விநாடி. வாசம் எழுந்ததும் எடுத்துவிடுங்கள். கருகினால் சட்டி முழுக்கக் கசக்கும், பிறகு எதைப் போட்டும் மாற்ற முடியாது. வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, மையாக அரைத்து, வடிகட்டுங்கள். ஊறிய நீரைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் கொட்டிவிடலாம். இந்த விழுதுதான் இரண்டாவது கெட்டி. மிளகாய் வற்றலிலும் மாவுச்சத்து உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆளுக்கு 4, 5 கிராம்.

அதே சட்டியில் ஒரு சிறு வெங்காயம், அதாவது 80 கிராம் அளவுள்ளது, ஆறு பல் பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு தேக்கரண்டி, ஓரிகானோ என்ற உலர்ந்த வாசனை இலை ஒரு தேக்கரண்டி. விழுதைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். கறியைப் போட்டு, ஒரே ஒரு தக்காளி, முக்கால் லிட்டர் நீர். மூடியைச் சற்றே திறந்து வைத்து இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம். தளதளவென்று கொதிக்கக் கூடாது, இரண்டு மூன்று குமிழிதான் எழ வேண்டும். கொதி அதிகமானால் ஜவ்வு கரைவதற்குள் கறி இறுகிவிடும்.

குக்கரில் வைப்பவர்களுக்கு: நீர் ஆவியாகாது, ஆகவே 400 மில்லி போதும். முதல் விசில் வந்ததும் சிம்மில் 35 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். பிறகு திறந்து வைத்து 20 நிமிடம் சுண்ட விடுங்கள். இந்தச் சுண்ட வைப்பதை விட்டுவிடுகிறவர்கள்தான் “கெட்டியே ஆகவில்லை” என்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன், சுண்ட வையுங்கள். இறக்கும்போது சர்க்கரைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. ஒரு கிண்ணத்துக்கு எல்லாம் சேர்த்து 7, 8 கிராம் வரும். மறுநாள் இன்னும் கெட்டியாகும், ருசியும் கூடும்.

கொத்துக்கறியில் செய்தால் இவ்வளவு ஜவ்வு கிடைக்காது. சுவையூட்டாத ஜெலட்டின் 7 கிராம் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கடைசியில் கலந்தால் சரியாகும். பாதாம் மாவு போடச் சொல்வார்கள், நறநறவென்று நிற்கும். சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பொடி போடுவதானால் லிட்டருக்குக் கால் தேக்கரண்டி, எண்ணெயில் குழைத்து. கூடினால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழத்துப் போகும். பீன்ஸ் கடிபட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சோயா பீன்ஸ் இருக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து, தனியாக நன்றாக வேகவைத்துச் சேருங்கள். வெந்த 100 கிராமில் மாவுச்சத்து 2 முதல் 4 கிராம்தான்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். பீஃப் ஸ்டியூவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் உருளைக்கிழங்குதான் சுமை, 100 கிராமில் மாவுச்சத்து 15 கிராமுக்கு மேல். மாற்றாக டர்னிப், 5க்கும் குறைவு. முள்ளங்கி 2. சௌசௌ 3. முள்ளங்கியின் காரம் வெந்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். எதையும் கறியோடு முதலிலேயே போடாதீர்கள், கூழாகிவிடும்; கடைசி 25 நிமிடத்தில் போடுங்கள். கேரட் ஒன்று மட்டும் இருக்கட்டும், ஆறு பேருக்கு அது பெரிதில்லை. கெட்டிக்கு மைதாவுக்குப் பதில் 150 கிராம் காலிஃபிளவரை ஸ்டியூவிலேயே போட்டு வேகவிட்டு, அரித்தெடுத்து, கொஞ்சம் குழம்போடு அரைத்துத் திரும்ப ஊற்றுங்கள். தனி நீரில் வேகவைத்து அரைத்தால் ருசி நீர்த்துப்போகும்; குழம்பிலேயே வேக வேண்டும். வணக்கம்.