பால் புட்டியா, கேமராவா? – ஆய்வக அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, கேமராவைத் தோளில் சுமந்து வந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கனடாவின் மரபியலாளரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான டேவிட் சுசுகி உலகுக்குத் தந்ததில் பெரிது எது? ஆய்வகத்தில் விளைந்ததா, ஒளிபரப்பிலும் களத்திலும் விளைந்ததா? இதுதான் வழக்கு. ஆய்வகமே என்று வாதாட நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று ஆணி அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். 1979 முதல் 2023 வரை 44 ஆண்டுகள் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் தொலைக்காட்சியில் ஒரே அறிவியல் நிகழ்ச்சியைச் சுசுகி நடத்தினார் என்றார். 1989-ல் வானொலியில் ஐந்து பகுதிகளாகச் சூழல் சீரழிவு பற்றிப் பேசியதற்கு 17,000 கடிதங்களுக்கு மேல் வந்தன, அந்த வேகத்தில் 1990-ல் அவர் பெயரால் அறக்கட்டளை எழுந்தது என்றார். கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய ஹைடா குவாய் தீவுகளின் காடு வெட்டுக்குத் தப்பியது என்றார். மூன்றும் உண்மை. மூன்றாவதற்கு என்னிடம் முழு மறுப்பும் கிடையாது. அதை ஒளிக்காமல் பின்னால் சொல்கிறேன்.

ஆனால், தலைவரே, 1961-க்கும் 1979-க்கும் நடுவில் உங்கள் கதாநாயகன் என்ன செய்துகொண்டிருந்தார்? "முதலில் ஈக்களை ஆராய்ந்தார்" என்று அரை மூச்சில் தாண்டிவிட்டீர்கள். அந்த அரை மூச்சை விரிப்பதுதான் என் வேலை.

பிறப்பு 1936, வான்கூவர். ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக 1942-ல் குடும்பத்தின் சலவைக் கடை பறிபோக, ஆறு வயதில் ஸ்லோகன் என்ற இடத்து முகாமுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. 1958-ல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் பட்டம், 1961-ல் சிகாகோவில் முனைவர் பட்டம், ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச காலம், ஆல்பர்ட்டாவில் ஓராண்டு, 1963-ல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். கையில் இருந்தது பால் புட்டிகளில் வளர்த்த பழ ஈ. அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈயேதான்.

அப்போது மரபியலாளர்களுக்கு ஒரு தலைவலி. உயிர் வாழ இன்றியமையாத மரபணுவைப் பற்றி அறிய வேண்டுமானால் அதைக் கெடுத்துப் பார்க்க வேண்டும். கெடுத்தால் உயிர் செத்துவிடுகிறது. செத்துப்போன முட்டையை வைத்துக்கொண்டு என்ன ஆராய்வது? பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் இதற்கு ஒரு தந்திரம் முன்பே வந்துவிட்டது. மரபணுவை முழுதாக உடைக்காமல், அதன் புரதம் குளிர்ச்சியில் ஒழுங்காக மடிந்து நிற்கவும் சூட்டில் தளர்ந்து குலையவும் செய்யும் ஒரு மாற்றத்தைத் தேடிப் பிடிப்பது. சுசுகியின் குழு இதே தந்திரத்தை இறக்கையும் கண்ணும் நரம்பும் உள்ள ஒரு பிராணியில் பெரிய அளவில் செய்து காட்டியது. 22 டிகிரி செல்சியஸில் உயிர், 29 டிகிரியில் சாவு. நடுவில் ஏழே டிகிரி.

செய்முறையைச் சொல்கிறேன், அப்போதுதான் இதன் அருமை தெரியும். ஆண் ஈக்களுக்கு ஒரு சதவீதச் சர்க்கரைக் கரைசலில் 0.025 மோலார் அளவு எத்தில் மீத்தேன் சல்ஃபோனேட் கலந்து ஒரு நாள் ஊட்டுவார்கள். மரபணுவில் எழுத்துப்பிழை உண்டாக்கும் ரசாயனம் அது. மனிதனுக்கும் புற்றுநோய் தரக்கூடியது, எனவே மிச்சத்தை அப்படியே தொட்டியில் ஊற்றக்கூடாது. பிறகு அந்த ஆண்களை ஒரு விசேஷப் பெண் ஈயோடு சேர்ப்பார்கள். அந்தப் பெண்ணிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் ஒட்டிப் பிறந்தவை, கூடவே ஒரு ஒய். அதன் முட்டைக்கு ஒட்டிய இரண்டு எக்ஸும் சேர்ந்து போகும், அல்லது ஒய் மட்டும் போகும். ஆகவே பிழைக்கும் மகன் ஒவ்வொருவனும் எக்ஸை அப்பாவிடமிருந்துதான் வாங்கியாக வேண்டும். வழக்கமாக அம்மா வழியில் வருவது இங்கே தலைகீழ். சொத்து மட்டுமல்ல, கடனும் நேராக மகன் தலையில்.

அந்த மகன்களை 22 டிகிரியில் வளர்த்து, புட்டிக்கு ஒருவனாகப் பிரித்து, மறுபடி அதே வகைப் பெண்களோடு விடுவார்கள். முட்டை இட்டதும் பெற்றோரைப் புதுப் புட்டிக்கு மாற்றி அதை 29 டிகிரியில் வைப்பார்கள். இரண்டு வாரம் பொறுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். குளிர்ந்த புட்டியில் ஆணும் பெண்ணும் இருந்து, சூடான புட்டியில் பெண்கள் மட்டும் இருந்தால் வலையில் மீன்.

கேட்க எளிது. எங்கே சறுக்கும் தெரியுமா? அந்த ரசாயனம் பல நேரம் டிஎன்ஏவின் ஒரு இழையை மட்டும் கெடுக்கும். பிறக்கும் மகனின் உடம்பில் பாதி மாறியும் பாதி மாறாமலும் இருக்கும். விந்தணுப் பகுதி மாறாத பாதியில் விழுந்தால் அடுத்த தலைமுறையில் எல்லாம் மாயம். வெப்பநிலையை 29-க்கு மேல் தள்ளினால் ஒழுங்கான ஆண் ஈயே மலடாகிவிடும். குற்றவாளி யார், அப்பாவி யார் என்று பிரிக்க முடியாது. 29 என்பது யாரோ ஜோசியம் பார்த்துச் சொன்ன எண் அல்ல, நல்ல ஈ தாங்கும் எல்லைக்கு ஒட்டி வைத்த கோடு. சூட்டில் ஈக்களுக்கு உணவாக வைத்த சோளமாவுக் கூழ் காய்ந்து விரிசல் விடும், புழு பட்டினியில் சாகும், நாம் மரபணுவின் மேல் பழி போடுவோம். இதற்கெல்லாம் பயந்து ஒவ்வொரு புட்டியையும் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பம். முட்டையிலிருந்து ஈயாக 25 டிகிரியில் சுமார் பத்து நாள் ஆகும். ஒரு கூட்டத்தைக் குளிரில் தொடங்கி வெவ்வேறு நாளில் சூட்டுக்கு மாற்றுங்கள். இன்னொரு கூட்டத்தைச் சூட்டில் தொடங்கிக் குளிருக்கு மாற்றுங்கள். எந்த நாளுக்குப் பிறகு சூடு பட்டால் ஒன்றும் ஆவதில்லை, எந்த நாளைத் தாண்டிச் சூட்டில் கிடந்தால் குளிர் வந்தும் காப்பாற்ற முடியவில்லை? இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் அந்த மரபணுவுக்கு வேலை நேரம். மரபணு எப்போது பணிக்கு வருகிறது, எப்போது வீட்டுக்குப் போகிறது என்று வருகைப் பதிவேடு எடுத்தவர்கள் இவர்கள். 1970-ல் சயின்ஸ் இதழில் சுசுகி இதைத் தொகுத்து எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே, 35 வயதுக்குட்பட்ட சிறந்த கனடிய ஆய்வாளருக்கான ஸ்டேசி நினைவு உதவித்தொகை அவர் கைக்கு வந்திருந்தது.

இனிதான் சுவாரசியம். சாகும் ஈ இருக்கட்டும், சூடு பட்டால் சுருண்டு விழுந்து, ஆறினால் எழுந்து நடக்கும் ஈ கிடைக்குமா என்று தேடினார்கள். 1971-ல் ஒன்று கிடைத்தது, பெயர் பாரா. 1973-ல் கிரிக்லியாட்டியும் மற்றவர்களும் சுசுகியும் சேர்ந்து இன்னொன்றை அறிவித்தார்கள். அதற்கு ஷிபிரே என்று பெயர். ஜப்பானிய மொழியில் மரத்துப்போதல். 29 டிகிரிக்குக் கொண்டுபோனால் சில நிமிடங்களில் ஈ மல்லாந்துவிடும். 22-க்குத் திரும்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் பறக்கும். நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் அது எழுந்தே இருக்காது, அது வேறு விஷயம்.

"ஈ விழுந்ததில் உலகுக்கு என்ன லாபம்?" என்று எதிரணியில் ஒருவர் சிரித்தார். அவர் வீட்டில் கொசுவத்தி ஏற்றுவார் என்று நினைக்கிறேன். அதில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து கொசுவின் நரம்பில் சோடியம் அயனி நுழையும் வாயிலில் போய் உட்கார்ந்து அதை மூடவிடாமல் செய்கிறது. பூச்சிகளில் அந்த வாயிலைக் கட்டும் மரபணுவின் பெயர் என்ன? பாரா! 1971-ல் விழுந்த அதே ஈயிலிருந்து வந்த பெயர். மருந்துக்கு மசியாத கொசுக்களில் ஆய்வாளர்கள் முதலில் சோதித்துப் பார்க்கும் இடங்களில் ஒன்றும் இந்த மரபணுதான்.

ஷிபிரே கதை இன்னும் பெரிது. அது டைனமின் என்ற புரதத்தின் மரபணு என்று 1991-ல் தெரிந்தது. நரம்பு நுனியில் செய்தி சொல்லும் ரசாயனம் குட்டிப் பைகளில் இருக்கும். பை உடைந்து ரசாயனம் வெளியேறியதும், அந்தச் சவ்வைக் கிள்ளி எடுத்து மறுபடி பையாக்க வேண்டும். கிள்ளும் விரல்தான் டைனமின். சூட்டில் விரல் மடங்காது, பைகள் தீர்ந்துபோகும், நரம்பு வாயடைத்துவிடும். 2001-ல் கிட்டாமோட்டோ என்ற ஆய்வாளர் இந்த மாறிய மரபணுவை, தேர்ந்தெடுத்த சில நரம்புகளில் மட்டும் இயங்கும்படி ஈக்குள் வைத்தார். இப்போது சூடேற்றினால் முழு ஈயும் விழாது. நாம் குறித்த நரம்புகள் மட்டும் மௌனமாகும், ஆறினால் பேசும். மூளைக்கு ஒரு சுவிட்ச்! அதே ஆண்டில் இதைக் கொண்டு, ஈ ஒரு வாசனையை மின் அதிர்ச்சியோடு சேர்த்துக் கற்கும்போது மூளையின் காளான் வடிவப் பகுதியிலிருந்து செய்தி வெளியே போகத் தேவையில்லை, நினைவுகூரும்போது கட்டாயம் தேவை என்று கண்டார்கள். கற்பதும் நினைப்பதும் வேறு வேறு வேலை என்பதை ஓர் ஈயைச் சூடாக்கிக் காட்டினார்கள்.

"அது மற்றவர்கள் செய்தது" என்பீர்கள். விதை யாருடையது? அப்படிப் பார்த்தால் 44 ஆண்டுத் தொலைக்காட்சியையும் அவர் ஒருவர் எடுக்கவில்லை. இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் எடுத்தார்கள். அந்த நிகழ்ச்சியே 1960-ல் தொடங்கியது, இவர் 19 ஆண்டு கழித்து வந்து உட்கார்ந்தவர்.

பேச்சுத்தான் அவருடைய ஆயுதம் என்றார் எதிரணியின் இரண்டாமவர். சரி, பேச்சுக்கே வருவோம். 1989 பிப்ரவரியில், ஒன்டாரியோவின் லண்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பிலிப் ரஷ்டன் என்ற உளவியலாளரோடு சுசுகி நேருக்கு நேர் வாதாடினார். இனங்களுக்கு இடையே அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டு, அது மரபணுவில் இருக்கிறது என்பது ரஷ்டனின் கட்சி. அங்கே சுசுகியை அழைத்துப்போய் நிறுத்தியது எது? தொலைக்காட்சி முகமா? ஒரே மூட்டை விதையை வளமான வயலிலும் சொட்டை நிலத்திலும் விதைத்தால், ஒவ்வொரு வயலுக்குள்ளும் செடிக்குச் செடி வேறுபாடு மரபணுவால் வரலாம், இரண்டு வயலுக்கும் இடையிலான வேறுபாடு மண்ணால் மட்டுமே வரலாம். இது மரபியலின் ஆரம்பப் பாடம். 1976-ல் கிரிஃபித்ஸோடு சேர்ந்து மரபியல் பாடநூல் எழுதிய மனிதருக்கு இதை யாரும் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

அவர் மேடைதோறும் சொன்ன பாக்டீரியாக் குழாய்க் கணக்கும் அப்படித்தான். நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா 60-வது நிமிடத்தில் குழாயை நிரப்புகிறது. 59-ல் பாதி. 55-ல் மூன்றே சதவீதம். அப்போது "இடமில்லாமல் போகிறது" என்று கத்துகிற பாக்டீரியாவைப் பார்த்து மற்றவை சிரிக்கும். புதிதாக மூன்று குழாய் கண்டுபிடித்துக் கொடுத்தாலும் கிடைப்பது இரண்டு நிமிடம். இது கேமராவின் எதிரில் நின்று பிறந்த உவமை அல்ல, வளர்ப்புத் தட்டை எண்ணிப் பழகியவர்களின் கணக்கு. 1986-ல் யுனெஸ்கோ அவருக்குக் கொடுத்த கலிங்கா பரிசை எதிரணி தூக்கிக் காட்டியது. ஒடிசாவின் பிஜு பட்நாயக் நிறுவிய பரிசு அது, அறிவியலைப் பரப்பியதற்கு. பரப்ப மூட்டையில் சரக்கு வேண்டாமா?

ஆய்வகத்தை விட்டு விலகியதன் விலையும் இருக்கிறது. 2013-ல் சிட்னியில் ஒரு தொலைக்காட்சிக் கேள்வி-பதில் நிகழ்ச்சி. பார்வையாளர் ஒருவர் உலக வெப்பநிலைத் தரவுத் தொகுப்புகளின் சுருக்கப் பெயர்களைச் சொல்லிக் கேள்வி கேட்டார். அவை என்னவென்று சுசுகி திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று. காலநிலை பற்றி அவர் சொன்னது தவறில்லை. ஆனால் எந்தப் புட்டியில் எண்ணினாய் என்று தன் மாணவனைத் துளைத்தெடுத்திருக்கக்கூடிய மனிதர், தன் வாதத்தின் புட்டியை அன்று கையில் வைத்திருக்கவில்லை. ஒளிபரப்பின் பலனை அவரே எடை போட்டிருக்கிறார்: 2012-ல், சுற்றுச்சூழல் இயக்கம் அடிப்படையில் தோற்றுவிட்டது என்று எழுதினார். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் வெப்ப வாயுக்களைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்பாட்டிலிருந்து விலகுவதாக அவர் நாடு அறிவித்திருந்தது. 33 ஆண்டு வாரந்தோறும் அவரைப் பார்த்த நாடு!

இப்போது என் கடன். 1982-ல் அவருடைய குழு ஹைடா குவாய் தீவுகளுக்குப் படமெடுக்கப் போனது. மரம் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்க, குஜாவ் என்ற ஹைடா இளைஞர், அப்புறம் நாங்களும் மற்ற எல்லாரையும் போல ஆகிவிடுவோம் என்று பதில் சொன்னார். நிலத்தைப் பார்க்கும் கண்ணே அன்று மாறியது என்று சுசுகி பலமுறை சொல்லியிருக்கிறார். 1985-ல் அந்தத் தீவுகளில் ஒன்றான லயலில் மரம் வெட்டுவதை எதிர்த்து மறியல், 72 பேர் கைது. 1987-ல் தீவுகளின் தென்பகுதியான தெற்கு மோர்ஸ்பி காப்பகமாயிற்று. கேமரா உதவியது, மறுக்க மாட்டேன். ஆனால் சாலையில் உட்கார்ந்து கைதானவர்களில் முன்வரிசையில் இருந்தவர்கள் ஹைடா மூத்தோர். அந்த வெற்றியைச் சுசுகியின் கணக்கில் எழுதச் சொன்னால், முதலில் மறுப்பவர் அவராகத்தான் இருப்பார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு செய்தி. பழ ஈயின் வம்சத்தை விதைபோல் டப்பாவில் போட்டு மூடி வைக்க முடியாது. 18 டிகிரியில் வைத்தாலும் சில வாரத்துக்கு ஒருமுறை பழைய புட்டியைக் கவிழ்த்து, தட்டி, புதுக் கூழுள்ள புட்டிக்கு மாற்ற வேண்டும்; மறந்தால் வம்சம் முடிந்தது. ஷிபிரே 1973-லிருந்து முடியவில்லை. இந்தியானாவின் புளூமிங்டன் சேமிப்பகத்தில் இன்றும் இருக்கிறது, கேட்டால் அனுப்புவார்கள். நான் பேசி முடிப்பதற்குள் உலகத்தில் எங்காவது ஒரு மாணவி அந்தப் புட்டியைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

அமர்கிறேன்.