மூடி போட்ட தேனை மட்டும் எடுங்கள்: எங்கள் விளையில் மாசி மாதத் தேன் எடுப்பு

வணக்கம் மக்களே. மாசி பிறந்துவிட்டது. ரப்பர் மரங்கள் தளிர்விட்டுவிட்டன, பெட்டிகளின் மேல்தட்டும் கனத்துவிட்டது. இன்றைக்குத் தேன் எடுக்கிறோம். முகவலை, கத்தி, புகைக்கருவி எல்லாம் தயாராக இருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறக்கும் முன் உங்களுக்கு ஓர் இலையைக் காட்ட வேண்டும்.

கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். இது ரப்பர்த் தளிர். செம்பு நிறத்தில் மூன்று சிற்றிலைகள் தொங்குகின்றன. மூன்றும் காம்போடு சேரும் இந்த முடிச்சில் பொட்டுப் பொட்டாகச் சின்னச் சுரப்பிகள் தெரிகிறதா? அவற்றின் மேல் மினுமினுப்பாக ஈரம் இருக்கிறதே, அதுதான் மதுரம். ரப்பர்த் தேன் என்றால் ரப்பர்ப் பூவின் தேன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பூவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, இந்த இலைக்காம்பில் சுரப்பதைத்தான் தேனீ நக்கி எடுத்துப் போகிறது. மார்கழி, தை மாதங்களில் மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் புதுத்தளிர் விடும். தளிர் முற்றிப் பச்சையாகிவிட்டால் சுரப்பு நின்றுவிடும். இடையில் நல்ல மழை அடித்தால் மதுரம் கழுவிப் போய்விடும், பனியில் சாம்பல் நோய் வந்தால் தளிரே கொட்டிவிடும். அதனால் எங்கள் பக்கத்துத் தேன்காரர்கள் தை பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

ரப்பரில் மகரந்தம் அதிகம் கிடைக்காது. புழுக்களுக்குத் தீனி மகரந்தம்தான். அதைத் தென்னை கொடுக்கிறது, வேலியோரத் தொட்டாற்சிணுங்கி கொடுக்கிறது. தோட்டத்துக்கு நடுவில் வைக்கும் பெட்டியைவிட, நாலு தென்னையும் பலாவும் முருங்கையும் நிற்கிற வீட்டு விளையில் இருக்கிற பெட்டி திடமாக இருக்கும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நான் இருப்பது குமரி மாவட்டம், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில். இங்கே வீட்டுக்கு வீடு தேன்பெட்டி வந்ததற்கு 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய கிராமப் பணி பெரிய காரணம். அதற்கும் முன்னால், 1910களில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்ற பெட்டி செய்து, ஆட்களுக்குப் பழக்கிக் கொடுத்தார். இன்றும் நியூட்டன் பெட்டி என்றுதான் அதைச் சொல்கிறோம். கீழே புழு அறை, மேலே தேன் அறை, இரண்டிலும் தேனீ அடை கட்டுகிற, கழற்றி மாட்டும் மரச்சட்டங்கள். இந்த இரண்டு தட்டு ஏற்பாட்டைத்தான் நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு கூட்டை மொத்தமாக வெட்டி, புழுவோடும் முட்டையோடும் சேர்த்துப் பிழிந்துதான் தேன் எடுத்தார்கள். தேன் கிடைக்கும், தேனீக் குடும்பம் போய்விடும். இந்த மரச்சட்டங்கள் வந்த பிறகு கீழ்த்தட்டைத் தொடாமலேயே தேன் எடுக்கலாம்.

சரி, திறப்போம். வெயில் ஏறிவிட்டது, வேலைக்காரத் தேனீக்களில் பல வெளியே போயிருக்கும். புகைக்குக் கதம்பைதான் போடுகிறேன். காய்ந்த தேங்காய்க் கதம்பை நின்று புகையும். பிளாஸ்டிக், எண்ணெய்த் துணி எதையும் போட்டுவிடாதீர்கள், அந்த நாற்றம் தேனில் ஏறும். வாசலில் இரண்டு ஊது, மேல்மூடியைத் தூக்கி ஒரு ஊது, அவ்வளவு போதும். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசனை போல ஒன்று கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அதுதான் எச்சரிக்கை. புகை அந்த வாசனையை மறைக்கிறது. கூடவே, தேனீக்கள் தீ வந்துவிட்டது என்று தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும், அப்போது கொட்டுகிற வேகமும் குறையும். நம் நாட்டுத் தேனீயான அடுக்குத் தேனீ சாதுதான். ஆனால் ரோஷக்காரி. அளவுக்கு மேல் புகை போட்டாலோ, அடிக்கடி கூட்டைக் கலைத்தாலோ, குடும்பம் முழுவதும் பெட்டியை விட்டுப் போய்விடும்.

கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எறியுங்கள். தோலில் நிற்கிற நேரமெல்லாம் விஷம் இறங்கிக்கொண்டிருக்கும். கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இதோ, தேன் அறையிலிருந்து முதல் சட்டம். இதைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம், ஏனென்றால் இன்றைய வீடியோவே இதற்காகத்தான். மேல்பாதி முழுக்க வெள்ளை மெழுகு மூடி போட்டிருக்கிறது, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. கீழே வர வர மூடி இல்லாத அறைகள், உள்ளே தேன் பளபளக்கிறது. இந்த இரண்டு தேனும் ஒன்றல்ல. காட்டிலிருந்து வரும் மதுரம் தண்ணீராக இருக்கும். தேனீக்கள் அதை வாய்க்கு வாய் மாற்றி, அறைகளில் பரப்பி, இறக்கையால் விசிறி வற்ற வைக்கின்றன. பக்குவம் வந்ததும் மூடி போடுகின்றன. மூடி போட்டால் தேன் ஆயிற்று என்று தேனீயே சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் எடுத்தால் ஈரம் அதிகமாக இருக்கும், பாட்டிலுக்குள் நுரைத்துப் புளித்துவிடும். உணவுப் பாதுகாப்பு விதி ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் ஊர்த் தேனீயின் தேனில் இயல்பாகவே ஈரம் கொஞ்சம் கூடுதல். காற்றிலும் ஈரம் உள்ள ஊர் இது. அவசரப்பட்டால் தேன் கெட்டுத்தான் போகும்.

அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு, அடையில் முக்கால் பாகம் மூடியிருந்தால் எடுப்பது. சந்தேகமாக இருந்தால் சட்டத்தைப் படுக்கவாட்டில் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். துளி தெறித்தால் இன்னும் ஆகவில்லை. இந்தச் சட்டத்தை உதறுகிறேன். ஒன்றும் விழவில்லை, எடுக்கலாம். அடுத்தது பாருங்கள், பாதிகூட மூடவில்லை. அப்படியே திரும்ப வைக்கிறேன். வாரம் பத்து நாளில் அதுவும் ஆகிவிடும்.

இந்த மூன்றாவது சட்டத்தின் ஓரத்தையும் பார்த்துவிடுங்கள். மூடி இருக்கிறது, ஆனால் வெள்ளையாக இல்லை. மங்கலான பழுப்பு, கொஞ்சம் மேடு, அதில் சிலவற்றின் நடுவே ஊசி குத்தியது போல ஒரு துளை. துளை உள்ளது ஆண் தேனீயின் கூட்டுப்புழு, மற்றவை வேலைக்காரத் தேனீக்கள். ராணி மேல்தட்டுக்கு ஏறி வந்து முட்டை வைத்திருக்கிறாள். இப்படிப்பட்ட சட்டத்தை எடுக்கக் கூடாது, எவ்வளவு தேன் இருந்தாலும் சரி. தேன் எடுக்கும் டிரம்மில் போட்டுச் சுற்றினால் குஞ்செல்லாம் செத்துப் போகும். ராணி இதில் நிற்கிறாளா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே இறக்குகிறேன்.

எடுத்த சட்டங்களிலிருந்து தேனீக்களைக் கோழி இறகால் பெட்டிக்குள்ளேயே தள்ளிவிட்டு, சட்டத்தை உடனே மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். வெளியில் தேன் சிந்தினால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும், பெட்டிக்கும் பெட்டிக்கும் சண்டை மூளும். நோஞ்சான் குடும்பம்தான் அதில் அழியும்.

இப்போது அடுக்களைக்கு வந்துவிட்டோம். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. கத்தியை வெந்நீரில் போட்டு எடுத்துத் துணியால் நன்றாகத் துடைக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் தேனில் சேரக் கூடாது. சட்டத்தைச் சற்று முன்னால் சாய்த்துப் பிடித்து, கீழிருந்து மேலாக, மூடியின் தோலை மட்டும் சீவுகிறேன். பாருங்கள், மூடி சுருள் சுருளாக மடிந்து விழுகிறது, அதன் அடியில் அறை அறையாகத் தேன் நிற்கிறது. ஆழமாக இறக்கினால் அடை வீணாகும். அடை வீணானால் தேனீக்குத்தான் நஷ்டம். ஒரு கிலோ மெழுகு சுரக்க 6 முதல் 8 கிலோ தேனாவது தின்ன வேண்டும் என்று சொல்வார்கள்.

இது தேன் எடுக்கும் டிரம். கையால் சுற்றுவது. எடை சரிசமமாக இருக்கும்படி சட்டங்களை எதிரெதிரே வைத்து, முதலில் மெதுவாகச் சுற்ற வேண்டும். புது அடை இளசு, வேகம் கொடுத்தால் உடைந்து உள்ளே விழும். ஒரு பக்கம் பாதி இறங்கியதும் திருப்பிப் போட்டு மறுபக்கம், அப்புறம் மீண்டும் முதல் பக்கம். கேட்கிறதா, டிரம்மின் தகரத்தில் தேன் சாரல் மாதிரி அடிக்கிற சத்தம்? இப்போது குழாயைத் திறக்கிறேன். ரப்பர்த் தேன் இப்படித்தான் இளம் நிறமாக இருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி வைத்தால் ஓரிரு நாளில் நுரையும் மெழுகுத் துணுக்கும் மேலே வந்துவிடும். அதை வழித்துவிட்டு, ஈரமே இல்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடைக்கலாம்.

காலி அடைகளை இன்றைக்கே பெட்டிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெளியில் கிடந்தால் மெழுகுப்பூச்சி முட்டையிட்டு அடையைச் சல்லடையாக்கிவிடும். பெட்டிக்குள் போனால் ஒட்டியிருக்கும் தேனைத் தேனீக்களே நக்கிச் சுத்தம் செய்து, மறுபடி நிரப்பத் தொடங்கிவிடும்.

பலரும் கேட்ட கேள்வி, ஒரு பெட்டியில் எவ்வளவு கிடைக்கும் என்பது. எங்கள் பகுதியில் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் வருடத்துக்கு 8 முதல் 10 கிலோ எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டுக் கீழ்த்தட்டில் கை வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்குச் சம்மதமே இல்லை. புழு அறையின் ஓரத்திலும் மேலேயும் இருக்கிற தேன் ஆனி, ஆடி மழைக்கு அவை சேர்த்த உணவு. அந்த மாதங்களில் வெளியே போகவும் முடியாது, போனாலும் ஒன்றும் கிடைக்காது. பருவத்தின் கடைசி எடுப்பில் மேல்தட்டிலும் ஒரு பங்கை விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சீனிப்பாகு வைத்தால் போதுமே என்பார்கள். பஞ்ச காலத்தில் பாகு வைப்பது தப்பில்லை, நானும் வைப்பேன். சீனியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்க ஈர்க்குச்சி போட்டு, சாயங்காலத்தில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில். ஆனால் பாகு வைக்கிற காலத்தில் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கரண்டிகூட எடுக்கக் கூடாது. தேனீ அந்தச் சீனியைத்தான் அடையில் சேர்த்து வைத்திருக்கும். அதை எடுத்துத் தேன் என்று விற்பது கலப்படம்தான். அதை வாங்குபவருக்கு வேறு பெயர் சொல்லி விளக்க முடியாது.

தேனீக்கு உணவை விட்டு வையுங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1991-92 வாக்கில் தாய்லாந்து பை நோய் என்ற வைரஸ் இந்தப் பக்கம் பரவியது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், அறைக்குள்ளேயே தண்ணீர் நிறைந்த பை போலாகிச் செத்துவிடும். குமரியிலும் கேரளத்திலும் நாட்டுத் தேனீக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. அப்பாவின் பெட்டிகளும் காலியாயின. தப்பிப் பிழைத்த குடும்பங்களிலிருந்து பிரித்துப் பிரித்துத்தான் இந்த ஊர் மறுபடி தேன் எடுக்கிறது. அந்த வைரஸுக்கு இன்றும் மருந்து கிடையாது. குடும்பம் திடமாக இருந்தால் தாங்கும். பட்டினி கிடக்கிற குடும்பம் எதைத் தாங்கும்?

அடுத்தது, தேன் உறைந்துவிட்டது, சீனி கலந்ததா என்ற கேள்வி. ரப்பர்த் தேன் சீக்கிரம் உறையும். அதில் குளுக்கோஸ் அதிகம். உறைவது கலப்படத்தின் அடையாளம் இல்லை. இளஞ்சூடான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வையுங்கள், இளகிவிடும். அடுப்பில் நேரடியாக வைத்துக் காய்ச்சாதீர்கள், மணமும் போகும், குணமும் போகும். தண்ணீரில் விட்டால் அடியில் போய் நிற்கும், அதுதான் சுத்தத் தேன் என்பதையும் நம்ப வேண்டாம். கெட்டியான சீனிப்பாகும் அப்படித்தான் போய் நிற்கும். ஆய்வகத்தில்தான் தெரியும், அல்லது எடுப்பவரைத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் வேண்டாம், எங்கள் தேனும்தான். நாக்கில் தடவுகிற வழக்கம் இருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, அடைகளைத் திரும்ப மாட்டிவிட்டேன், மூடியும் போட்டாயிற்று. பெட்டிக் கால்களின் அடியில் உள்ள கிண்ணங்களில் தண்ணீர் குறைந்திருக்கிறது, ஊற்றிவிடுகிறேன், இல்லாவிட்டால் தேன் வாசனைக்கு எறும்பு ஏறிவிடும். நாளை வரை பெட்டியைத் திறக்க வேண்டாம். சீவிய மூடியெல்லாம் இந்தச் சருவத்தில் வடிந்துகொண்டிருக்கிறது, அடுத்த வீடியோவில் அதை உருக்கி மெழுகு எடுப்பதைக் காட்டுகிறேன். அதற்குப் பழைய பாத்திரம் ஒன்றும் கோணித்துணியும் தேவைப்படும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரட்டுமா மக்களே.