கொடுத்த வாக்கு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம், வெளியே மழை. அப்படியும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி.

நான் வேலை பார்க்கும் இடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு ஓடுகிறது. இங்கே பிரிட்டனில் அடுத்த பொதுத்தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை வராவிட்டால் யார் யாரோடு சேர்வார்கள்? ரிஃபார்மும் கன்சர்வேடிவும் சேர்ந்தே தீரும் என்கிறார் ஒருவர். இன்னொருவர் லேபர், லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சி மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிடுகிறார். காகிதத்தில் கூட்டிப் பார்க்கிறார்கள், தேநீர் பந்தயம் கட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். சண்டை இல்லாமல் அரசியல் பேசத் தெரிந்தவர்கள் நடுவில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவர்கள் போடும் கணக்கில் ஒரு வரி எப்போதும் விட்டுப்போகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்மில் இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களும், இங்கே முறையாக வசித்தால், பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். காமன்வெல்த் குடிமக்களுக்கு இந்த நாடு தரும் உரிமை அது. பலருக்கு இது தெரியவில்லை. அதனால் இதை ஊரார் வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். நாடாளுமன்றத்தில் 650 இடங்கள். 326 இருந்தால் பெரும்பான்மை. 2024 ஜூலையில் லேபர் கட்சி வாங்கியது 33.7 சதவீத வாக்கு. கிடைத்தது 411 இடம். ரிஃபார்ம் கட்சி 40 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கி 5 இடத்தில் நின்றது. லிபரல் டெமாக்ரட் கட்சி அதைவிடக் குறைவாக, சுமார் 35 லட்சம் வாக்கில் 72 இடம் பிடித்தது. தொகுதியில் முதலில் வந்தவருக்கே இடம் என்பதால், வாக்கு எவ்வளவு என்பதைவிட எங்கே குவிந்தது என்பதுதான் முக்கியமாகிவிடுகிறது. இரண்டு கட்சிகள் மோதிய காலத்துக்கு இந்த முறை பொருந்தியிருக்கலாம். இப்போது ஒரே தொகுதியில் நான்கு ஐந்து கட்சிகள் வாக்கைப் பிரித்துக்கொள்கின்றன. 2025 மே மாதம் ரன்கார்ன் இடைத்தேர்தலில் ரிஃபார்ம் ஜெயித்தது 6 வாக்கு வித்தியாசத்தில். இப்படிப்பட்ட நிலவரத்தில் 2029-இல் யாருக்கு எத்தனை என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதனால்தான் கூட்டணிப் பேச்சு இவ்வளவு சூடாக இருக்கிறது.

இங்கிலாந்துக்குக் கூட்டணி பிடிக்காது என்று 1852-இல் நிதியமைச்சராக இருந்த டிஸ்ரேலி நாடாளுமன்றத்தில் சொன்னார். அன்றைய வாக்கெடுப்பில் அவர் இருந்த அரசு தோற்றது. சில நாளில் அபர்டீன் பிரபு தலைமையில் ஒரு கூட்டணி அரசே வந்து உட்கார்ந்தது. 1940-இல் கன்சர்வேடிவ் சர்ச்சிலும் லேபர் அட்லியும் ஒரே அமைச்சரவையில் இருந்து போர் நடத்தினார்கள். பிடிக்குமோ பிடிக்காதோ, தேவை வரும்போது கூட்டணி வந்திருக்கிறது. 

2010-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே 6-ஆம் தேதி தேர்தல். கன்சர்வேடிவ் 306, லேபர் 258, லிபரல் டெமாக்ரட் 57. மறுநாளே கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரன் லிபரல் டெமாக்ரட்டை வெளிப்படையாகக் கூட்டணிக்கு அழைத்தார். லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் சேர்ந்தால் 315 தான், போதாது. கன்சர்வேடிவோடு சேர்ந்தால் 363. ஐந்து நாளில் முடிந்துவிட்டது. மே 11 இரவு லேபர் பிரதமர் கார்டன் பிரவுன் விலக, கேமரன் பிரதமர். மறுநாள் பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் வீதித் தோட்டத்தில் கேமரனும் லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசிய காட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வெயிலும் அந்தச் சிரிப்பும்! 

காகிதக் கணக்கு அதோடு முடிந்தது. அப்புறம் நடந்ததுதான் நான் சொன்ன விட்டுப்போன வரி.

அந்தத் தேர்தலுக்கு முன் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் ஒரு உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் எந்த முயற்சிக்கும் எதிராக வாக்களிப்பேன் என்று மாணவர் சங்கத்துக்குக் கொடுத்த உறுதிமொழி. கையெழுத்துப் போட்டதோடு நிற்கவில்லை, அந்த அட்டையைக் கையில் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். கிளெக்கும் அப்படி நின்றார். ஏழே மாதம். 2010 டிசம்பர் 9-ஆம் தேதி கட்டண உச்சவரம்பை 3,290 பவுண்டிலிருந்து 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானம் வந்தது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் வின்ஸ் கேபிள், அதே கட்சிக்காரர். கூட்டணி ஒப்பந்தத்தில் இந்த விஷயத்தில் மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று அவர்களுக்குச் சலுகையும் இருந்தது. இருந்தும் 28 பேர் ஆதரித்தார்கள், 21 பேர் எதிர்த்தார்கள். தீர்மானம் நிறைவேறியதும் 21 வாக்கு வித்தியாசத்தில்தான். அந்த 28 பேரும் ஒதுங்கி நின்றிருந்தாலே அது தோற்றிருக்கும்.

நான் லிபரல் டெமாக்ரட் கட்சியைத் திட்ட வரவில்லை. அந்த ஐந்து வருடத்தில் அவர்கள் செய்த நல்லது நிஜம். குறைந்த சம்பளக்காரர்களுக்கு வருமான வரி விலக்கு வரம்பு 10,000 பவுண்டுக்கு மேல் போனது அவர்கள் கேட்டு வாங்கியது. ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் வந்ததும் அப்படித்தான். தேர்தலில் அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? 2015-இல் 57 இடம் 8 ஆகச் சுருங்கியது. இழந்த 49-இல் 27 இடங்களைப் பிடித்தது யார் தெரியுமா? கூட இருந்து ஆட்சி செய்த கன்சர்வேடிவ். 12 லேபருக்கு, 10 ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு. மாணவர்கள் நிறைந்த ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதி கிளெக்கை 2015-இல் விட்டுவைத்தது, 2017-இல் அனுப்பிவிட்டது. 

இதே கட்சி இதே கட்டண விஷயத்தை வேறொரு இடத்தில் எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 1999-இல் ஸ்காட்லாந்துக்கு என்று ஒரு நாடாளுமன்றம் வந்தது. அங்கே வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரம் கலந்த தேர்தல் முறை, அதனால் தனிப் பெரும்பான்மை சுலபமில்லை. லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் கூட்டணி வைத்தன. கட்டணத்தை ஒழிப்போம் என்று சொல்லி லிபரல் டெமாக்ரட்டுகள் ஓட்டுக் கேட்டிருந்தார்கள். கூட்டணியில் சேர்ந்த பிறகும் அதை விடவில்லை. ஒரு குழு போட்டு, பேசி, படிக்கும்போது கட்ட வேண்டிய கட்டணத்தை நீக்கவைத்தார்கள். படித்து முடித்தபின் ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற சமரசம் இருந்தது, மறுக்கவில்லை. அதேபோல உள்ளாட்சித் தேர்தலுக்கு விகிதாசார முறையையும் சட்டமாகவே வாங்கினார்கள். அந்தக் கூட்டணி இரண்டு முறை, எட்டு வருடம் ஓடியது. 2003 தேர்தலில் கட்சி தேயவும் இல்லை. லண்டனில் வாங்கியதோ, நாடாளுமன்றத் தேர்தல் முறையை மாற்றலாமா என்று கேட்கும் ஒரு பொதுவாக்கெடுப்பு மட்டும். 2011 மே மாதம் அது 68-க்கு 32 என்று தோற்றது. கூட இருந்த பிரதமரே எதிர்ப்பக்கம் பிரசாரம் செய்தார்.

ஆக, எத்தனை இடம் என்ற கேள்விக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியை எழுதச் சொல்கிறேன்: சிறிய கட்சி மக்களிடம் என்ன சொல்லிவிட்டு வந்தது, அதில் எதை மேசையில் வைத்துவிட்டு எழுந்திருக்கும்? நம் மொழியில் ஓட்டுக்கும் வாக்குதான், கொடுத்த சொல்லுக்கும் வாக்குதான். அந்தக் காகிதத்தில் நாம் கூட்டுவது அந்த இரண்டில் ஒரு வாக்கை மட்டும்.

அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கும் வழியும் உண்டு. 2017-இல் கன்சர்வேடிவ் பிரதமர் தெரேசா மேயிடம் 317 இடம் இருந்தது. வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சி தன் 10 பேரோடு ஆதரவு தந்தது, தன் மாகாணத்துக்கு 100 கோடி பவுண்டு வாங்கியது. பிரெக்ஸிட் வாக்கெடுப்புகள் வந்தபோது அதே கட்சி அவரைக் கைவிட்டது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

1979 மார்ச் 28-ஆம் தேதி இரவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜேம்ஸ் காலகன் தலைமையில் லேபர் சிறுபான்மை அரசு. லிபரல் கட்சி கொடுத்த முட்டு முந்தைய வருடமே போய்விட்டது. நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஒவ்வொரு தலையாக எண்ணுகிறார்கள். சபைப் பக்கமே அதிகம் வராத வட அயர்லாந்து உறுப்பினர் ஃபிராங்க் மெக்வயர், நேரில் வந்தும் வாக்களிக்காமல் இருப்பதற்காகவே பயணம் செய்து வந்தார். லேபர் உறுப்பினர் ஆல்ஃபிரட் புரோட்டன் சாகக் கிடந்தார். ஆம்புலன்ஸில் கொண்டுவந்தால் வழியிலேயே உயிர் போய்விடும் என்று காலகன் வேண்டாம் என்றுவிட்டார்.

லேபரின் துணைக் கொறடா வால்டர் ஹாரிசன், கன்சர்வேடிவ் துணைக் கொறடா பெர்னார்ட் வெதரிலிடம் போனார். ஒரு பக்கம் நோயாளி வர முடியாவிட்டால் மறுபக்கம் ஒருவர் ஒதுங்கிக்கொள்வது என்று இருவருக்கும் நடுவில் வாய்ப்பேச்சாக ஓர் ஏற்பாடு இருந்தது. வெதரில் தையல்கடைக் குடும்பத்தில் பிறந்தவர், அந்தத் தொழிலைக் கற்றவர். அவர் சொன்னார்: நம்பிக்கை வாக்கெடுப்புக்கு அந்த ஏற்பாடு செல்லாது, இன்றிரவு ஒதுங்கச் சம்மதிக்கும் ஓர் உறுப்பினரை என் கட்சியில் கண்டுபிடிக்கவே முடியாது. சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். ஆனால் நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் நானே ஒதுங்கிக்கொள்கிறேன் என்றார். அவருடைய அரசியல் வாழ்க்கை அதோடு முடிந்திருக்கும்.

ஹாரிசன் அதை ஏற்கவில்லை. நீங்கள் போய் வாக்களியுங்கள் என்று அவரை விடுவித்தார். 311-க்கு 310. ஒரே ஒரு வாக்கில் ஹாரிசனின் அரசு கவிழ்ந்தது. புரோட்டன் சில நாளில் இறந்துபோனார். அடுத்த தேர்தலில் மார்கரெட் தாட்சர் வந்தார். வெதரில் 1983-இல் சபாநாயகர் ஆனார், தையற்காரர்கள் விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் சிறிய உலோக உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தார்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.