கோப்பைத் திறந்தது யார்?

நேயர்களுக்கு வணக்கம். வேலை கொடுப்பவர்களும் மருத்துவம் பார்ப்பவர்களும் சட்டத்தில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. சம்பளம், பணிநீக்கம், தவறான சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வேண்டும். அதனால் இந்த இரண்டு தரப்பும் முட்டிக்கொள்கிற ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஊழியரின் நோய் விவரம்.

ஃபின்லாந்தில் ஒரு நர்ஸ். 1989 முதல் ஒரு அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் ஒப்பந்த முறையில் வேலை பார்த்தார். அவருக்கு ஹெச்.ஐ.வி. தொற்று இருந்தது. அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில்தான் சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். ஒரே இடத்தில் அவர் ஊழியர், நோயாளி இரண்டும். 1992 வாக்கில், கூட வேலை செய்பவர்கள் பேசிய சில பேச்சுகளைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் வந்தது. தன் கோப்பை யாரோ படித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே ஊழியர்கள் நோயாளிப் பதிவேட்டைத் தடையில்லாமல் பார்க்க முடிந்தது.

அவர் புகார் சொன்ன பிறகு, சிகிச்சை தரும் பிரிவைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாதபடி மாற்றினார்கள். பதிவேட்டில் அவருக்கு வேறொரு பெயரையும் போட்டார்கள். சரி, ஏற்கெனவே பார்த்தது யார்? அதற்கு மருத்துவமனையிடம் பதில் இல்லை. கடைசி ஐந்து முறை மட்டும்தான் பதிவாகியிருக்கும். அதிலும் எந்தப் பிரிவு பார்த்தது என்று தெரியுமே தவிர, எந்த ஆள் என்று தெரியாது. கோப்பு ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பியதும் அந்தப் பதிவும் அழிந்துவிடும்.

அவர் வழக்குப் போட்டார், உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார். யாரோ படித்தார்கள் என்பதற்கு ஆதாரம் கொண்டு வா என்றார்கள். ஆதாரம் இருந்திருக்க வேண்டிய இடமே மருத்துவமனைதான், அங்கே அது இல்லை. அவர் எங்கே போய்த் தேடுவார்?

2008 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைத் திருப்பிப் போட்டது. யார் பார்த்தார் என்று பிற்பாடு கண்டுபிடிக்க முடியாத ஒரு முறையை வைத்திருந்ததே தவறு என்றது. அவருடைய அந்தரங்க வாழ்க்கைக்கான உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொல்லி, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பில் அவர் பெயர் இல்லை, 'ஐ' என்ற ஓர் எழுத்துதான். அந்த அளவுக்காவது அவருடைய ரகசியம் காப்பாற்றப்பட்டதே!

மருத்துவமனை நடத்துபவர்களுக்கு இந்தத் தீர்ப்பை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. "எங்கள் ஆட்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவு வேண்டும். வெளி நோயாளிகளை விட, உள்ளேயே வேலை செய்யும் நோயாளியின் கோப்பைத்தான் எட்டிப் பார்க்கத் தோன்றும். ஆர்வம் அப்படி.

அப்புறம், மற்ற நிறுவனங்கள். கம்பெனி டாக்டருக்குச் சம்பளம் தருவது முதலாளி. நாம் காசு கொடுக்கிறோம், நோய் என்னவென்று நமக்குச் சொன்னால் என்ன என்று அவர் நினைப்பது புரிகிறது. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1985-ஆம் ஆண்டு 161-ஆம் உடன்படிக்கை, லீவு போட்டதன் காரணம் உண்மையா என்று சரிபார்க்கும் வேலையைத் தொழில்சார் மருத்துவப் பணியாளர்களிடம் முதலாளி ஒப்படைக்கக் கூடாது என்கிறது. அதோடு வந்த 171-ஆம் பரிந்துரை, வேலைக்குத் தகுதியா என்ற முடிவைத் தெரிவிக்கும்போது மருத்துவ விவரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது என்கிறது. உடன்படிக்கை, அதை ஏற்ற நாடுகளை மட்டும்தான் கட்டுப்படுத்தும். பரிந்துரை, பெயருக்கேற்ப, யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நல்ல அளவுகோல். முதுகுத்தண்டில் எந்த டிஸ்க் விலகியது என்பது மேலாளருக்கு எதற்கு? "ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது" என்று ஒரு வரி போதும்.

வலிப்பு வரும் ஒருவரை வண்டி ஓட்ட விட்டால் பொறுப்பு யாருடையது என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான பயம்தான். அங்கேயும் "ஓட்டத் தகுதியில்லை" என்பதே முதலாளி வேறு வேலை கொடுக்கப் போதுமானது. மற்றவர் உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டர் வாய் திறக்கலாம் என்று பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. அப்போதும் தேவையான ஆளிடம், தேவையான அளவு மட்டும்.

வேலைக்குச் சேரும்போதே "என் மருத்துவ விவரங்களை நிறுவனத்துக்குத் தரலாம்" என்று கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பார்கள் சிலர். வேலை வேண்டும் என்று வந்தவர் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டார்? 2018-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் உடல்நல விவரத்தைத் தனிக் காவல் தேவைப்படும் வகையில் சேர்க்கின்றன. இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாத இடத்தில் வாங்கிய சம்மதத்தையும் அவை சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன.

லீவு கேட்டால் நோயின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் முன்பு டாக்டர் தரும் சான்றிதழில் நோயாளிக்கு ஒரு தாள், முதலாளிக்கு ஒரு தாள் தனித்தனியாக உண்டு. முதலாளியின் தாளில் நோயின் பெயர் இருக்காது. 2023 முதல், அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு, முதலாளி அந்தச் சான்றைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கணினி வழியாக எடுத்துக்கொள்கிறார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை செய்ய இயலாது என்பது அதில் இருக்கும். என்ன நோய் என்பது இருக்காது.

நன்றி, வணக்கம்.