உறைந்த ஏரிமேல் கார் ரேஸ்: ஐஸ் உடையாதா?

அடுத்த கேள்விக்கு வருவோம். போர்ஷே குடும்பத்தைப் பற்றிய வீடியோவில், ஆஸ்திரியாவில் உறைந்த ஏரிமேல் ரேஸ் நடந்தது என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நண்பர் ஒருவர் கேட்கிறார்: "அத்தனை கார் ஓடினால் ஐஸ் உடையாதா? நிற்கவே முடியாமல் வழுக்கும் இடத்தில் எப்படி ரேஸ் ஓட்டுகிறார்கள்?" எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊர் பெயர் செல் ஆம் சே. சால்ஸ்புர்க் மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு ஏரி, அதன் கரையில் ஊர். 1937-இலேயே அந்த ஏரி உறைந்ததும் அதன்மேல் போட்டி வைத்தார்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு கயிறு. அதைப் பிடித்தபடி காலில் பனிச்சறுக்குப் பலகையோடு ஒருவர் இழுபட்டு வருவார். ஸ்கியோரிங் என்பார்கள். போருக்குப் பிறகு கார்களும் வந்தன. போர்ஷே கார் கம்பெனியை ஆரம்பித்த ஃபெர்டினாண்ட் போர்ஷே 1951 ஜனவரியில் இறந்தார். 1952 முதல் அவர் நினைவாகவே பந்தயம் நடந்தது.

அங்கே ஓட்டியவர்களில் நான் மறக்காமல் சொல்ல வேண்டியவர் ஓட்டோ மாத்தே. 1934-இல் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் வலக்கை செயலிழந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் கார் பந்தயத்தில் பெயர் எடுத்தார். அவருடைய போர்ஷே டைப் 64 காரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தது, இடக்கையாலேயே கியர் போட வசதியாக. ஒற்றைக் கையால் ஐஸ்மேல் கார் ஓட்டி ஜெயிப்பது என்றால், சும்மா நினைத்துப் பாருங்கள்!

சரி, வழுக்காதா? வழுக்கும். ஆனால் எல்லா ஐஸும் ஒரே மாதிரி வழுக்காது. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கும்போது மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், அதுதான் மோசம். குளிர் மைனஸ் இருபதுக்குப் போனால் டயருக்குப் பிடி கூடும். இன்னொன்று, எடை எங்கே இருக்கிறது என்பது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் பழைய போர்ஷேக்களிலும் எஞ்சின் பின்னால், சக்கரத்தைச் சுழற்றும் சக்தி போவதும் பின் சக்கரங்களுக்கே. எஞ்சினின் பாரம் அந்தச் சக்கரங்களை அழுத்திப் பிடிப்பதால், ஐஸில் அவை நன்றாக ஏறிப் போகும். குதிரைத்திறன் அதிகம் இருந்து பயனில்லை; ஆக்சிலரேட்டரை அளந்து மிதிக்கத் தெரிந்த கால் வேண்டும்.

அமெரிக்காவில் மின்னசோட்டா பக்கம் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு ஏரி ரேஸை நேரில் பார்த்தேன். ஆணி டயர்களுக்குத் தனிப் பிரிவு, வெறும் ரப்பர் டயர்களுக்குத் தனிப் பிரிவு. ஒருவர் தன் டயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தடவியதும் என் கையுறையின் நூல் ஆணி முனையில் மாட்டிக்கொண்டது. அந்த டயரோடு ஓடும் கார் வளைவில் ஐஸைக் கீறித் தள்ளும். அப்போது கிளம்பும் வெள்ளைப் புழுதியில் பின்னால் வருபவருக்கு எதிரே எதுவுமே தெரியாது. அதற்காகவே பின் கண்ணாடியில் பளிச்சென்ற சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள்.

இப்போது முக்கியமான கேள்வி, உடையாதா? தெளிவான ஐஸ் என்றால் ஆள் நடக்க 10 செ.மீ. கனம் வேண்டும், கார் ஓட 30 செ.மீ. வாக்கில் வேண்டும். பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதிதான். அதனால் தடம் முழுக்க அங்கங்கே துளை போட்டு அளப்பார்கள். தடத்தில் கிடக்கும் பனியை முன்கூட்டியே வழித்துவிடுவதும் உண்டு. பனி ஒரு போர்வை. அதை எடுத்துவிட்டால் குளிர் நேரே இறங்கி, ஐஸ் சீக்கிரம் கனமாகும்.

ஆனால் ஐஸ் அசையாமல் இருப்பதில்லை. கயிற்றுக் கட்டிலில் ஆள் உட்கார்ந்த மாதிரி, கார் நிற்கும் இடத்தில் லேசாகத் தாழும். நீண்ட நேரம் பல கார்களை நெருக்கமாக நிறுத்தினால் ஆபத்து. ஓடும்போது அந்தத் தாழ்வு ஓர் அலையாகக் கூடவே நகரும். காரின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றாகிவிட்டால் அலை பெருகி ஐஸ் வெடிக்கும். எஸ்டோனியாவில் ஹீயுமா தீவுக்குக் கடல் ஐஸ்மேல் போடும் சாலையில், 25 கி.மீ. வேகத்துக்குக் குறைவாகவோ, இல்லை 40 முதல் 70-க்குள்ளோ போகச் சொல்வது இதனால்தான். அங்கே சீட் பெல்ட் போடவும் கூடாது, கார் உள்ளே போனால் உடனே வெளியே வரவேண்டும் என்று. ரேஸ் நடத்துபவர்கள் இந்த அலைக்கும் சேர்த்துத்தான் ஐஸின் கனத்தைப் பார்த்து நாள் குறிப்பார்கள், கனம் போதாவிட்டால் ரேஸ் ரத்து.

செல் ஆம் சேயில் 1974-ஓடு பழைய பந்தயம் நின்றது. 2019-இல் அதே ஊரில், போர்ஷே குடும்பத்தின் அடுத்த தலைமுறை இளைஞர் ஒருவரின் முயற்சியில் திரும்ப ஆரம்பித்தார்கள், ஆனால் ஏரிமேல் இல்லை, விமான நிலையத் திடலில் ஐஸ் தடம் அமைத்து. கார்களும் கூட்டமும் பிரமாதம். இருந்தாலும் எனக்கு அந்த ஏரி இல்லாத குறை இருக்கத்தான் செய்கிறது. உண்மையான ஏரி ரேஸ் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் மின்னசோட்டா, விஸ்கான்சின் பக்கம் போங்கள். தேதியை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள், ஐஸ் நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் அடுத்த கேள்வி, டர்போ எஞ்சின் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்.