நூலகத்துக்கு என்னென்ன புதிதாக வந்திருக்கிறது, வாருங்கள் பார்க்கலாம்

எல்லோருக்கும் வணக்கம். நம் கல்லூரி நூலகத்திலிருந்துதான் பேசுகிறேன். இந்த மேசையில் இருப்பதெல்லாம் புதிதாக வந்தவை. முத்திரை குத்தி, சேர்க்கை எண் எழுதி, முதுகில் சீட்டும் ஒட்டியாகிவிட்டது. இன்றே நீங்கள் எடுத்துப் போகலாம். எல்லாவற்றையும் காட்ட நேரம் போதாது. எனக்கு மிகவும் பிடித்தவற்றை மட்டும் காட்டுகிறேன்.

முதலில் இது. ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2024ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நூல். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்த மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். வ.உ.சி. என்றதும் கப்பலும் செக்கும் நினைவுக்கு வரும் அளவுக்கு இந்த நாள் நம் நினைவில் இல்லை. நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற தெருக்களில் நடந்தது இது. வரலாறு மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? பழைய ஆவணங்களை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி வரலாறு எழுதுகிறார் என்பதற்காகவாவது இதைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது நாவல், தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. இது 2023இல் அதே விருதைப் பெற்றது. கொங்குப் பகுதியில் குடிநாவிதர்களின் வாழ்க்கை. தலைப்பு, கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து வந்தது. ‘யாதும் ஊரே’ என்ற முதல் வரியோடு நிறுத்திவிடுகிற அதே பாட்டுதான். தமிழ்த்துறையினர் ஒரே மூச்சில் படித்துவிடுவீர்கள்.

இந்த முதுகுச் சீட்டைப் பாருங்கள், 894.811 என்று தொடங்குகிறது. தமிழ் இலக்கியத்துக்கான எண் இது. இந்த எண் தெரிந்தால் போதும், யாரையும் கேட்காமல் நேராக அந்த ரேக்குக்குப் போய்விடலாம். அப்புறம், புதுப் புத்தகத்தை எடுத்தவுடன் நடுவில் பிளக்காதீர்கள். இப்படி முதுகை மேசையில் நிறுத்துங்கள். முன்னட்டையைச் சாயுங்கள், பிறகு பின்னட்டை. முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறி விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ஒட்டு விடாது, தாள் கழன்று வராது. உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் படிக்க வேண்டிய புத்தகம் இது.

சரி, படங்களுக்கு வருவோம். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, மீட்டெடுக்கப்பட்ட பிரதி. 1955இல் வந்த இந்தப் படத்தின் மூல நெகட்டிவ், 1993இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகிப்போனது. கருகிய சுருளையும் குப்பையில் போடாமல் பாதுகாத்து வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் பொலோன்யா நகரத்துக் கூடத்தில் அதற்கு மறுபடி ஈரப்பதம் ஏற்றி, கிழிந்த ஓரங்களைக் கையாலேயே சரிசெய்து, தேறிய பகுதிகளை ஸ்கேன் செய்தார்கள். தேறாத இடங்களுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 2015இல் படம் மறுபடி திரைக்கு வந்தது. அக்காவும் தம்பியும் நாணல் காட்டுக்குள் ஓடி ரயிலைப் பார்க்கிற காட்சியை போனில் துண்டு வீடியோவாகப் பார்த்திருப்பீர்கள். இங்கே பெரிய திரையில் முழுப் படமாகப் பாருங்கள்.

ராய் எடுத்த இன்னொரு படமும் இருக்கிறது, ‘பாலா’. 1976இல் பரதநாட்டியக் கலைஞர் நம் பாலசரஸ்வதி அம்மாவைப் பற்றி எடுத்த ஆவணப்படம். தமிழ்நாடு அரசும் இதன் தயாரிப்பில் பங்கு கொண்டது. கடற்கரையில் காற்று புடவையை இழுக்க, ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பாட்டுக்கு அவர் அபிநயம் பிடிக்கிறார். கண்ணையும் விரல்களையும் கவனியுங்கள். அரை மணி நேரம்தான், மதிய இடைவேளையிலேயே பார்த்துவிடலாம். படங்களை வீட்டுக்குத் தர மாட்டோம், பார்வை அறையில்தான் பார்க்க வேண்டும். வகுப்பாக வருகிறீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இதழ்களில் அச்சில் வருபவை காலச்சுவடு, கணையாழி, எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி, அறிவியலுக்குக் கரண்ட் சயின்ஸ், ரெசொனன்ஸ். இந்தச் சாய்வுப் பலகையைத் தூக்கினால் உள்ளே பழைய இதழ்கள் இருக்கும். பலர் முன்னால் தெரிகிற ஒன்றை மட்டும் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரெசொனன்ஸ் இளங்கலை மாணவர்களை மனதில் வைத்தே 1996 முதல் வருகிறது. இயற்பியல், கணிதம் படிப்பவர்கள் பாடப் புத்தகத்தில் புரியாத ஒன்றை அதில் தேடிப் பாருங்கள்.

இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இனிமேல்தான். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களை அரசு நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசே வாங்கித் தருகிறது. 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம்முடையது அரசுக் கல்லூரி என்பதால் நமக்கும் உண்டு. வெளியே ஒரே ஒரு கட்டுரைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கேட்கிற இதழ்களெல்லாம் இதில் இருக்கின்றன. விதை விற்கிற கடைக்காரர் மகளும் கூலி வேலைக்குப் போகிறவர் மகனும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் பார்க்கிற அதே கட்டுரையைப் படிக்க முடிகிறது. எனக்கு இதில் அவ்வளவு மகிழ்ச்சி. நூலகக் கணினியில் நேரடியாகவே திறக்கும். வீட்டிலிருந்து படிக்கப் பயனர் கணக்கு வேண்டும், என்னிடம் வாருங்கள், உடனே போட்டுத் தருகிறேன். கல்லூரி முடிந்து போகும்போது அந்தக் கணக்கும் முடிந்துவிடும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

நூல்கள் பயன்படுத்துவதற்கே என்று 1931இலேயே நூலகவியலின் முதல் விதியாக எழுதி வைத்தார் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அடுத்த ஆண்டு எதை வாங்குவது என்று நாங்கள் உட்காரும்போது, எந்த நூல் எத்தனை முறை இரவல் போனது என்றுதான் முதலில் பார்க்கிறோம். கவிதை வேண்டுமென்றால் கவிதையை எடுங்கள், சினிமா நூல் வேண்டுமென்றால் அதை எடுங்கள். இல்லாத நூலுக்கு வாசலில் பரிந்துரைப் பதிவேடு இருக்கிறது. நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம், உங்கள் துறை, இவ்வளவு எழுதினால் போதும். பதிப்பகம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், நான் தேடிக்கொள்கிறேன். இந்த மேசை இந்த வாரம் முழுக்க இப்படியே இருக்கும். அடையாள அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.