விழித்திரைப் படத்துக்கு மார்க் போட்டது யார்?

[திரையில்: கருப்புப் பின்னணி. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். மெல்லப் பெரிதாகிறது.]

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். செவ்வாய் கிரகம் என்று எழுதி வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் குடும்ப குரூப்பில் நாலு பேராவது நம்பிவிடுவார்கள். ஆனால் இது ஒரு மனிதக் கண்ணின் உட்புறம். விழித்திரை. ஓரத்தில் வெளிர் மஞ்சளாகத் தெரிகிறதே, அது பார்வை நரம்பு புறப்படும் இடம். அங்கிருந்து மரக்கிளை மாதிரி பிரிந்து ஓடுபவை ரத்தக் குழாய்கள். கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், ஒருவருடைய ரத்தக் குழாய்களை நேராகப் பார்க்க முடிவது கண்ணுக்குள்தான்.

[திரையில்: வட்டத்தின் ஒரு மூலை பெரிதாகிறது. ஒரு சிவப்புப் புள்ளி.]

இங்கே பாருங்கள். பேனா முனை பட்ட மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. தூசி இல்லை. நுண்ணிய ரத்தக் குழாயின் சுவர் பலவீனமாகி, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைக்குமே, அப்படிப் புடைத்திருக்கிறது. சர்க்கரை நோய் விழித்திரையில் கை வைத்துவிட்டது என்பதற்குப் படத்தில் கிடைக்கும் முதல் தடயம் பெரும்பாலும் இதுதான். அடுத்தடுத்த கட்டங்களில் ரத்தம் கசியும், கொழுப்பு மஞ்சள் திட்டாகப் படியும். முற்றிய கட்டத்தில் புதிய குழாய்கள் தாறுமாறாக முளைக்கும். அவை உடைந்தால் பார்வையே போகலாம்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரருக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. பேப்பர் படிப்பார், பஸ் நம்பர் பார்ப்பார், ஊசியில் நூல் கோப்பார். என் பெரியம்மாவுக்குச் சுகர் வந்து பதினாலு வருஷம் ஆகிறது. கண்ணைக் காட்டலாம் என்று கூப்பிட்டால், "கண்ணு நல்லாத்தானேடா தெரியுது, அதுக்கு எதுக்கு ஒரு நாள் வேலையக் கெடுத்துக்கிட்டு?" என்பார். பதில் சொல்லத் தெரியாமல் நானும் பல தடவை விட்டிருக்கிறேன்.

சரி, எல்லோரையும் வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன? சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். ஆளுக்கு இரண்டு கண். வருஷத்துக்கு 20 கோடிப் படம். அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க இங்கே விழித்திரை மருத்துவர்கள் கிடையாது. படம் எடுப்பது பெரிய வேலை இல்லை. படத்தைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

ஏஐ இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

[திரையில்: விழித்திரைப் படம் சிறு சிறு சதுரங்களாக உடைகிறது. ஒவ்வொரு சதுரத்திலும் ஓர் எண்.]

2016 கடைசியில் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. செய்தது கூகுளைச் சேர்ந்த குழு. மாடலை, அதாவது படத்தைப் படித்து விடை சொல்லும் கணினி நிரலை, பழக்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1,28,175 விழித்திரைப் படங்கள். பாதி கதை நம்ம ஊர்ப் பக்கம் நடந்தது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: படங்கள் அமெரிக்காவிலிருந்து மட்டும் வரவில்லை. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தன.

இயந்திரம் படத்தை நம்மைப் போலப் பார்ப்பதில்லை. முதலில் அந்த வட்டத்தை 299 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினார்கள். பிக்சல் என்பது படத்தை உருவாக்கும் மிகச் சிறிய புள்ளி. 299க்கு 299 என்றால் கிட்டத்தட்ட 90,000 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஆக, ஒரு கண் என்பது அதற்கு இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட எண்களின் வரிசை, அவ்வளவுதான். அதன் மேல் சின்னச் சின்ன சல்லடைகள் நகர்ந்துகொண்டே போகும். ஒரு சல்லடை விளிம்புகளைப் பிடிக்கும், இன்னொன்று சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு நிறம் மாறும் இடத்தைப் பிடிக்கும். அவை பிடித்ததன் மேல் அடுத்த வரிசை சல்லடைகள். இப்படி அடுக்கடுக்காகப் போய்க் கடைசியில் ஒரே ஓர் எண் வெளியே வரும்: இந்தக் கண்ணை டாக்டரிடம் அனுப்ப வேண்டிய வாய்ப்பு எவ்வளவு?

எந்தச் சல்லடை எதைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை. விடை தப்பும் ஒவ்வொரு முறையும் சல்லடைகள் துளித்துளியாகத் திருத்தப்படும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இந்த மாடல் வெறுங்கையோடு கண் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அதற்கு முன்பே நாய், பறவை, கார், நாற்காலி என்று அன்றாடப் பொருட்களின் படங்களில் பழகியிருந்தது. நாயின் காதில் விளிம்பு பார்க்கக் கற்றது, ரத்தக் குழாயின் விளிம்பு பார்க்கவும் உதவியது.

[திரையில்: ஒரே படத்தின் ஐந்து பிரதிகள். ஒவ்வொன்றின் கீழும் வெவ்வேறு எண்.]

"விடை தப்பும் ஒவ்வொரு முறையும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். தப்பு என்று எப்படித் தெரியும்? சரியான விடை என்று ஒன்று இருந்தால்தானே? அதை எழுதி வைத்தது யார்?

54 மருத்துவர்கள். அமெரிக்காவில் உரிமம் பெற்ற கண் மருத்துவர்களும், பயிற்சியின் கடைசி ஆண்டில் இருந்தவர்களும். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது 3 பேர், அதிகபட்சம் 7 பேர் தனித்தனியாகப் பார்த்து மார்க் போட்டார்கள். நோய் இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை, முற்றியது என ஐந்து படிகள். ஏன் ஒருவர் போதாது? ஏனென்றால் ஒரே படத்துக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு மார்க் போடுவார்கள். அதே டாக்டர் அடுத்த மாதம் அதே படத்தைப் பார்த்தாலும் மார்க் மாறலாம். நான் பிளஸ் டூவில் மறுமதிப்பீட்டுக்குப் போட்டவன், எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் ஓட்டு எடுத்தார்கள். பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதுவே விடை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மாடல் கற்றுக்கொண்டது "நோய்" என்பதை அல்ல. மருத்துவர்கள் கூடி எதை நோய் என்று ஒப்புக்கொண்டார்களோ, அதை. 2018இல் அதே குழு இன்னொரு வேலை செய்தது. விழித்திரை நிபுணர்கள் ஓட்டுப் போட்டுவிட்டுக் கலையாமல், கருத்து வேறுபட்ட படங்களை வாதாடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அப்போது தெரிந்தது: முதலில் தப்பியவற்றில் பெரிய பங்கு, நாம் ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்தச் சிவப்புப் புள்ளி. தேர்ந்த கண்ணும் அதைத் தாண்டிப் போயிருந்தது. வேறு சில இடங்களில் கேமராவின் அழுக்கை நோய் என்று நினைத்திருந்தார்கள்.

[திரையில்: ஒரு கோடு. இடமும் வலமும் நகரும் ஒரு குறி.]

அப்புறம் இன்னொரு முடிவு. இதையும் மனிதர்கள்தான் எடுக்க வேண்டும். மாடல் தருவது ஓர் எண். எந்த எண்ணுக்கு மேல் போனால் "டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்வது? கோட்டை எங்கே போடுவது?

ஆய்வில் இரண்டு இடங்களில் போட்டுப் பார்த்தார்கள். கணக்குக்காக ஒரு முகாமை எடுத்துக்கொள்வோம். 1000 பேர் வருகிறார்கள், அதில் 80 பேருக்கு உண்மையிலேயே டாக்டரைப் பார்க்க வேண்டிய அளவு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கோடு கறாரானது. நோய் உள்ளவர்களில் 90.3 சதவீதத்தைப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 98.1 சதவீதம் பேரைச் சரியாக வீட்டுக்கு அனுப்பும். நம் முகாமில் 80 பேரில் 72 பேர் பிடிபடுவார்கள். 8 பேர் "ஒன்றும் இல்லை" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். வீண் அலைச்சல் 17, 18 பேருக்கு.

கோட்டைக் கீழே இறக்கினால் 97.5 சதவீதம் பிடிபடும், ஆனால் வீட்டுக்குச் சரியாக அனுப்புவது 93.4 சதவீதமாகக் குறையும். இப்போது தப்புவது வெறும் 2 பேர். ஆனால் ஒன்றுமே இல்லாத 61 பேர் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார்கள்.

மாடல் ஒன்றுதான். டேட்டாவும் ஒன்றுதான். நகர்ந்தது கோடு மட்டும். எது சரி? அடுத்த தெருவில் கண் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மலை இறங்கி மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில்? அங்கே 61 பேரை வீணாக அலையவிட்டால் அடுத்த வருஷம் முகாமுக்கே ஆள் வராது. 99 சதவீதத் துல்லியம் என்று தலைப்புப் போடும் செய்திகளில் இந்தக் கோட்டைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது, அதுதான் என் எரிச்சல்.

ஆய்வகத்துக்கு வெளியே மாடல் தாக்குப் பிடித்ததா? அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் வந்த 3,049 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் சோதித்த முடிவு 2019இல் வந்தது. டாக்டரிடம் அனுப்ப வேண்டிய கண்களில் அரவிந்தில் 88.9 சதவீதத்தையும், சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதத்தையும் மாடல் பிடித்தது. அதே வேலையைச் செய்த மனிதர்கள் பிடித்தது ஆளுக்கு ஆள் 73.4 முதல் 89.8 சதவீதம் வரை. பரவாயில்லை, நன்றாகவே நின்றிருக்கிறது.

நடுவில் ஒரு வேடிக்கை. இதே மாதிரிப் படங்களை வைத்து கூகுள் குழு 2018இல் இன்னொரு கேள்வியும் கேட்டது: இது ஆணின் கண்ணா, பெண்ணின் கண்ணா? அனுபவமுள்ள கண் மருத்துவரைக் கேட்டாலும் விழித்திரையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மாடலிடம் ஓர் ஆணின் படத்தையும் ஒரு பெண்ணின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால், நூற்றில் 97 முறை சரியாகச் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வியப்பைவிடக் கொஞ்சம் பயம்தான் வந்தது.

[திரையில்: ஒரு சிறிய அறை. ஜன்னலில் வெயில். மேசை மேல் கேமரா.]

இப்போது தாய்லாந்துக்குப் போவோம். அங்கே பாதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 கிளினிக்குகளில் கூகுளின் இந்த ஏஐயைக் கொடுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று கூடவே இருந்து பார்த்தார்கள். 2020இல் வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் படிக்க வேண்டிய முதல் ஆய்வு இதுதான். அதுவரை நர்ஸ் படம் எடுத்து அனுப்பினால் தொலைவில் இருக்கும் நிபுணர் பார்த்துச் சொல்ல 10 வாரம் வரை ஆகும். இனி சில நிமிஷம் போதும் என்பது திட்டம்.

முதல் ஆறு மாதத்தில் 1,838 படங்கள் ஏஐக்குப் போயின. அதில் 21 சதவீதத்தை அது பார்க்கவே மறுத்துவிட்டது. தரம் போதாது, மதிப்பிட முடியாது.

காரணம் புரிய ஒரு சின்னச் சோதனை. கண்ணாடி முன்னால் நின்று அறையின் விளக்கை அணையுங்கள், ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள். விளக்கைப் போட்டதும் கண்ணின் நடுவில் உள்ள கருப்பு வட்டம் சட்டென்று சுருங்குவது தெரியும். அந்த ஓட்டை வழியாகத்தான் கேமரா உள்ளே பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் அது விரிந்தே இருக்கும். ஆனால் அப்புறம் சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும், வண்டி ஓட்ட முடியாது. மருந்து இல்லாமல் எடுக்க வேண்டுமென்றால் அறை இருட்டாக இருக்க வேண்டும். அந்த 11 கிளினிக்குகளில் அப்படி இருட்டாக்கக்கூடிய தனி அறை இருந்தது இரண்டில் மட்டும். மற்ற இடங்களில் அதே அறையில்தான் வேறு வேலைகளும். ஓட்டை சுருங்கியது, படத்தின் ஒரு பகுதி இருண்டது, ஏஐ கைவிரித்தது.

அடுத்து இன்டர்நெட். படம் இணையம் வழியாகப் போய்த்தான் விடை வர வேண்டும். ஒரு கிளினிக்கில் இரண்டு மணி நேரம் லைன் போனது. 200 பேரைப் பார்க்கும் நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது.

ஏஐ மறுத்த படத்துக்கு முதலில் இருந்த விதி: அவரை நிபுணரிடம் அனுப்பிவிடு. காகிதத்தில் நியாயமான விதி. ஆனால் அனுப்பப்படுபவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இன்னொரு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நர்ஸுக்குப் படத்தைப் பார்த்தால் கண்ணில் ஒன்றும் இல்லை என்று தோன்றும், ஆனாலும் அனுப்பியாக வேண்டும். இந்த அலைச்சலை நினைத்து, சில நர்ஸுகள் நோயாளிகளிடம் இந்த ஆய்வில் சேராதீர்கள் என்றே சொல்லியிருக்கிறார்கள். என் பெரியம்மா அங்கே இருந்திருந்தால் அந்த நர்ஸுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

[திரையில்: மறுபடியும் ஆரஞ்சு வட்டம். கீழ்ப்பாதி இருண்டிருக்கிறது.]

கடைசியில் குழு மாற்றியது மாடலை அல்ல, அந்த விதியை. ஏஐ மறுத்த படம் தானாக "அனுப்பு" என்று ஆகிவிடாது. நோயாளியின் பழைய குறிப்புகளோடு சேர்த்து ஒரு கண் மருத்துவர் அதைப் பார்ப்பார். பாதி இருண்ட இந்த மாதிரிப் படத்தில் தெரிகிற மீதிப் பாதியையும், ரத்தச் சர்க்கரை அளவையும், எத்தனை வருஷமாகச் சுகர் என்பதையும் வைத்து, இவர் பஸ் ஏற வேண்டுமா வேண்டாமா என்று அவர் சொல்வார்.